பட்டிக்கே வரும் பரிசோதனை வண்டி: ஈச்சிலம்பற்று வாசகருக்குப் பதில்

கேள்வி: எங்கள் பட்டியில் பசு, நாம்பன், கன்று எல்லாமாக 140 மாடுகள் உள்ளன. சென்ற பெரும்போகத்துக்குப் பிறகு ஒன்பது பசுக்கள் ஏழாம், எட்டாம் மாதங்களில் கன்று வீசிவிட்டன. பாலும் குறைந்துவிட்டது. தனியார் குழு ஒன்று வான் வண்டியில் கருவிகளோடு பட்டிக்கே வந்து, அரை மணி நேரத்தில் எல்லா நோயையும் கண்டுபிடித்துத் தருவதாகச் சொல்கிறது. மாடொன்றுக்கு இவ்வளவு என்று கட்டணமும் கேட்கிறது. இதைச் செய்விக்கலாமா, அல்லது இரத்தத்தை எடுத்துப் பேராதனை ஆய்வுகூடத்துக்கு அனுப்புவதுதான் சரியா? வீசிய கன்றுகளை இழுத்தெடுத்த என் தம்பிக்கு இரண்டு மாதமாக விட்டுவிட்டுக் காய்ச்சல் வருவதால் வேலைக்கும் ஆள் குறைவாக இருக்கிறது.

பதில்:

அன்புள்ள ஐயா,

ஆள் குறைவுக்குக் காரணமாகத் தாங்கள் கடைசி வரியில் எழுதியிருக்கும் செய்திக்கே நான் முதலில் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. தங்கள் தம்பியை இந்த வாரமே மூதூர் ஆதார வைத்தியசாலைக்கோ திருகோணமலைப் பொது வைத்தியசாலைக்கோ அழைத்துச் செல்லுங்கள். அங்கே காய்ச்சல் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடாமல், “எங்கள் மாடுகள் கன்று வீசின, வீசிய கன்றையும் இளங்கொடியையும் இவர் வெறுங்கையால் எடுத்தார்” என்பதைத் தவறாமல் வைத்தியரிடம் சொல்லுங்கள். மாடுகளில் கருச்சிதைவை உண்டாக்கும் புரூசெல்லா என்னும் கிருமி மனிதருக்கும் தொற்றக்கூடியது. விட்டுவிட்டு வரும் காய்ச்சல், இரவு வியர்வை, முதுகிலும் மூட்டுகளிலும் நோவு என்று மாதக்கணக்கில் ஆளை வாட்டும். எலிக்காய்ச்சலும் மாட்டில் கருவைக் கலைத்து மனிதருக்குத் தொற்றும் நோய்தான். மாட்டோடு உள்ள தொடர்பைச் சொல்லாவிட்டால் இவ்விரண்டையும் தேடிப் பார்க்க வேண்டும் என்று வைத்தியருக்குத் தோன்றாமல் போகலாம். புரூசெல்லா என்று உறுதியானால் இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் குறைந்தது ஆறு வாரங்கள் எடுக்க வேண்டியிருக்கும். இடையில் காய்ச்சல் விட்டுவிட்டது என்று நிறுத்திவிட்டால் நோய் திரும்பிவிடும். தங்கள் வீட்டில் ஒருவரும் காய்ச்சாத பாலைக் குடிக்க வேண்டாம். தயிருக்கு உறைய வைக்கும் பாலும் பொங்கக் காய்ச்சி ஆறிய பாலாகவே இருக்கட்டும். உறைந்து புளித்துவிட்டதால் மட்டும் இந்தக் கிருமி செத்துவிடும் என்று நம்ப முடியாது.

இனி வண்டியைப் பற்றிச் சொல்கிறேன். பரிசோதனை பட்டிக்கு வருவதை நான் மனமார வரவேற்கிறேன். நம் மாவட்டத்தில் மாடுகள் வீட்டுக் கொட்டிலில் கட்டிக் கிடப்பவை அல்ல. வெருகல், சேருவில, தம்பலகாமம், குச்சவெளி எங்கும் அவை பட்டியாக மேய்ந்து இரவில் ‘காலை’ எனப்படும் மாட்டடைப்பில் அடைபவை. ஒரு மாட்டைப் பிடித்து வண்டியில் ஏற்றி வைத்திய அலுவலகத்துக்குக் கொண்டுபோவதே ஒரு நாள் வேலை என்னும்போது, நூறு மாட்டுக்காரரை நோய் அறியச் சொன்னால் அவர் எப்படி அறிவார்? ஆனால் வண்டி வருவது மாட்டுக்கும் ஆய்வுக்கும் இடையிலுள்ள தூரத்தைத்தான் குறைக்கும். விடை கிடைத்தால் என்ன செய்வோம் என்று முன்னதாகவே முடிவு செய்து வைக்காத பட்டியில், சோதனைக்குச் செலவழிக்கும் பணம் காகிதத்தில் நிற்குமே தவிர நோயைக் குறைக்காது. முப்பது ஆண்டுகளில் நான் பார்த்த பட்டிகளில், நோயுற்ற மாட்டின் இலக்கம் எழுதிய தாளைக் கூரையில் செருகி வைத்துவிட்டு அதே மாட்டை மறு வாரம் அடுத்த ஊருக்கு விற்றவர்களும் உண்டு. ஆகவே தாங்கள் அந்தக் குழுவினரிடம் கட்டணத்தைக் கேட்பதற்கு முன் தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டியது, ‘ஐந்து பசுக்களுக்கு நோய் என்று வந்தால் அந்த ஐந்தையும் நான் என்ன செய்வேன்?’ என்பதுதான்.

‘எல்லா நோயும் அரை மணியில்’ என்பதை நம்ப வேண்டாம். பட்டியிலேயே நம்பகமாகச் செய்யக்கூடிய சோதனைகள் பல உண்டு. மடிவீக்கம் வெளியே தெரியாமல் உள்ளே இருப்பதைக் காட்டும் கலிபோர்னியா சோதனை அவற்றுள் எளிது. நான்கு குழி உள்ள தட்டில் நான்கு காம்புகளின் பாலையும் தனித்தனியே பீய்ச்சி, சம அளவு மருந்து நீரை விட்டுப் பத்து விநாடி சுழற்றினால், கெட்டுப்போன காம்பின் பால் கஞ்சிபோலத் திரளும். பால் குறைந்ததற்கு விடை இதிலேயே கிடைக்கக்கூடும். கன்று வீசியதற்கும் பால் குறைந்ததற்கும் காரணம் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. உண்ணிக் காய்ச்சலுக்குக் காது நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துக் கண்ணாடித் துண்டில் மெல்லியதாக இழுத்து, உலர்த்தி, மெதனோலில் நிலைப்படுத்திச் சாயமிட்டால், தைலேரியா, பபேசியா, அனப்பிளாஸ்மா ஆகிய இரத்தக் கிருமிகளை நுண்ணோக்கியில் அங்கேயே காணலாம். இரத்தசோகையை அளக்கும் சிறு சுழற்சிக் கருவி வாகன மின்கலத்தில் ஓடும். சாணத்தில் புழு முட்டை எண்ணுவதும் இயலும். ஆனால் உப்புக் கரைசலில் மிதக்கவிட்டுப் பார்க்கும் முறையில் உருண்டைப் புழுக்களின் முட்டைகள் தெரியுமேயன்றி ஈரல் தட்டைப்புழுவின் கனமான முட்டைகள் மிதக்காமல் அடியில் தங்கிவிடும். குளத்தோரத்திலும் வாய்க்காலோரத்திலும் மேயும் மாட்டுக்கு அடிப்படிவு முறையிலும் பார்த்தீர்களா என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்குத் தயங்காமல் பதில் சொல்பவர் தொழில் தெரிந்தவர்.

காசநோய்த் தோற்சோதனையோ ஊசி போட்ட பிறகு 72 மணி நேரம் கழித்து வீக்கத்தை அளந்தால்தான் பொருளுடையது. ஒரே வரவில் காசநோயையும் பார்த்துத் தருகிறோம் என்றால் அது அந்தச் சோதனை அல்ல.

தங்கள் பட்டிக்கு மிக முக்கியமானது புரூசெல்லாவுக்குரிய றோஸ் பெங்கால் சோதனை. அதை ஒருமுறை கிட்ட நின்று பார்த்திருந்தால் அதன் வலிமையும் பலவீனமும் தங்களுக்கே விளங்கும். கிளிவெட்டிப் பக்கம் ஒரு பட்டியில் மருத மரத்தடியில் வாகனத்தின் முன்மூடிமேல் வெள்ளைத் தட்டை வைத்து இதை நான் செய்தது நினைவிருக்கிறது. மாட்டின் இரத்தத்திலிருந்து பிரிந்த தெளிநீரில் 0.03 மில்லிலீற்றரும், கடும் இளஞ்சிவப்பு நிறமுள்ள மருந்தில் அதே அளவும் தட்டில் விட்டு, குச்சியால் கலந்து, நான்கு நிமிடம் மெல்ல அசைக்க வேண்டும். நோயற்ற மாட்டின் துளி கடைசிவரை வழுவழுப்பாகவே இருக்கும். நோயுற்ற மாட்டின் துளியில் குரக்கன் மா கட்டிபட்டதுபோல நுண்மணிகள் பிரிந்து நிற்கும். அன்று கச்சான் காற்று வீசிக்கொண்டிருந்தது. மூன்றாவது துளி முடிவதற்குள் முதல் துளியின் ஓரம் உலர்ந்து மணிகள்போலத் தோன்றத் தொடங்கியது. பட்டிக்காரர் அதைப் பார்த்து முகம் வாடிவிட்டார். நான் அந்தத் தட்டைக் கழுவிவிட்டு வாகனத்துக்குள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மறுபடி செய்தேன். அந்தப் பசு நோயற்றது. இந்த மருந்து குளிரில் வைத்திருக்க வேண்டியது. பயன்படுத்துமுன் வெளிச்சூட்டுக்கு வரவிட வேண்டியது. வெயிலில் கிடந்த வான் வண்டியில் நாள் முழுக்க ஊர் ஊராகச் சென்ற மருந்து எப்படி இருந்தது என்று கேட்கத் தங்களுக்கு உரிமை உண்டு. நோயுள்ளதென்று தெரிந்த தெளிநீரும் நோயற்றதென்று தெரிந்த தெளிநீரும் ஒவ்வொரு தட்டிலும் சேர்த்து வைத்து ஒப்பிடுகிறார்களா என்றும் பாருங்கள்.

மேலும் இச்சோதனை நோயைத் தேடித் தருவதே தவிர முடிவான தீர்ப்பன்று. புரூசெல்லாவுக்கான எஸ் 19 தடுப்பூசி ஏற்றிய மாடும் இதில் நோயுள்ளதுபோலக் காட்டலாம். ஆகவே தங்கள் பசுக்களுக்குக் கிடாரிப் பருவத்தில் அந்த ஊசி ஏற்றப்பட்டதா என்பது தெரிந்தாக வேண்டும். கன்று வீசிய உடனே எடுத்த இரத்தத்தில், கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்குவதும் இச்சோதனை தேடுவதுமான எதிர்ப்பொருள் இன்னும் உருவாகாமல் இருந்து, நோயுற்ற பசு நோயற்றதாகவும் காட்டலாம்; அப்படியானால் மூன்று நான்கு வாரம் கழித்துத் திரும்ப எடுக்க வேண்டும். ஆகவே பட்டியில் நோய் எனக் காட்டிய ஒவ்வொரு மாட்டின் தெளிநீரும் எலைசா என்னும் ஆய்வுகூடச் சோதனை முறையால் உறுதி செய்யப்பட வேண்டும். அதற்குத்தான் பேராதனை வேண்டும். பேராதனையில் கன்னொறுவையிலுள்ள கால்நடை ஆராய்ச்சி நிறுவகத்துக்குத் தங்கள் பிரதேசக் கால்நடை வைத்திய அலுவலகத்தின் வழியாக மாதிரியை அனுப்புவதே முறை. பட்டியில் செய்வதா பேராதனைக்கு அனுப்புவதா என்று தாங்கள் கேட்டதற்கு என் பதில், இரண்டும் வேண்டும். முதலில் பட்டியில், பிறகு அங்கே, என்பதுதான்.

செலவைப் பற்றி ஒன்று. 140 மாட்டையும் முதல் நாளே சோதிக்க வேண்டாம். கன்று வீசிய ஒன்பது பசுக்களையும் முதலில் சோதியுங்கள். காரணம் புரூசெல்லாவாக இருந்தால் அவற்றில் பெரும்பாலானவை அதைக் காட்டும். உரிய கால இடைவெளி விட்டு எடுத்த இரத்தத்தில் ஒன்பதும் நோயற்றவை என்று வந்தால், பட்டி முழுவதையும் அதற்காகச் சோதிப்பதைவிட, எலிக்காய்ச்சல் முதலிய மற்றக் காரணங்களைத் தேடுவதில் அந்தப் பணத்தைச் செலவிடலாம். அந்தச் சோதனைகள் ஆய்வுகூடத்தில்தான் நடக்கும். ஒன்பதில் சில நோயுள்ளவை என்று உறுதியானால்தான் வளர்ந்த மாடு அனைத்தையும் சோதிக்கும் கட்டம் வருகிறது. தங்களோடு ஒரே மேய்ச்சல் தரையையும் நீர்நிலையையும் பகிரும் அயல் பட்டியில் கன்று வீசுதல் இல்லை என்றால், அங்கும் முழுப் பட்டியைத் தொட வேண்டியதில்லை. தங்களுடையதைப்போல 140 மாடுள்ள பட்டியில் பத்தில் ஒன்றுக்கு நோய் இருந்தால், பொறுக்கி எடுக்காமல் கண்டபடி 26 மாடுகளைச் சோதித்தாலே, அதில் ஒன்றாவது அகப்படுவதற்கு நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வாய்ப்பு உண்டு. இருபதில் ஒன்றுக்குத்தான் நோய் என்றால் 48 மாடுகள் வேண்டும். கண்டபடி என்பதை அழுத்திச் சொல்கிறேன். சாதுவான மாடுகளை மட்டும் பிடித்துக் கொடுத்தால் கணக்கு பொய்த்துவிடும்.

இரத்தம் எடுத்த பிறகு அது செல்லும் வழியில்தான் நம் ஊரில் அதிகம் கெடுகிறது. ஒருமுறை எனக்கு வந்த றெஜிபோம் பெட்டியைத் திறந்தபோது, குழாய்கள் பனிக்கட்டியின் மேலேயே கிடந்தன. தெளிநீர் தெளிவாக இல்லாமல் திராட்சைச் சாறுபோலச் சிவந்திருந்தது. குளிரில் உறைந்தும் பஸ்ஸில் குலுங்கியும் இரத்தச் சிறுதுணிக்கைகள் உடைந்துவிட்டன. முப்பது மாட்டின் இரத்தம் வீணாயிற்று. அத்தனை மாட்டையும் மறுபடி பிடிக்க அந்தக் குடும்பத்துக்கு இரண்டு நாள் ஆயிற்று. குழாயை நிழலில் நிமிர்த்தி வைத்து, உறையவிட்டு, தெளிநீரை வேறு குழாய்க்கு மாற்றிய பின்னரே, பத்திரிகைத் தாளில் சுற்றிப் பனிக்கட்டியோடு ஒட்டாமல் அடுக்க வேண்டும். ஒவ்வொரு மாட்டுக்கும் புது ஊசி எடுக்க வேண்டும். ஊசியை மாற்றாமல் அடுத்தடுத்த மாட்டைக் குத்தினால் நோயைத் தேட வந்தவர்களே அனப்பிளாஸ்மா போன்ற நோயைப் பரப்பிவிடுவார்கள். ஊசியை மாற்றாதவரைக் கண்டால் அந்த நிமிடமே வேலையை நிறுத்திவிடுங்கள்.

இனி விடை வந்த பிறகு. மாட்டில் புரூசெல்லாவுக்கு மருந்து கொடுத்துக் குணப்படுத்தும் வழக்கம் இல்லை. நோயுள்ளதென உறுதியான பசுவைப் பட்டியிலிருந்து நிரந்தரமாகப் பிரிப்பதுதான் வழி. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும் பசுவைப் பிரிப்பது எவ்வளவு நோகும் என்பதை அறிந்தே இதைச் சொல்கிறேன். எப்படிப் பிரிப்பது, எங்கே வைப்பது, இறுதியில் என்ன செய்வது என்பவற்றைத் தங்கள் கால்நடை வைத்தியருடன் இருந்து முடிவு செய்யுங்கள். 1992ஆம் ஆண்டின் 59ஆம் இலக்க விலங்கு நோய்கள் சட்டம் அவருக்கு இதில் பொறுப்பும் அதிகாரமும் தருகிறது. ஒன்றை மட்டும் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்: அதை வேறொருவருக்குக் கறவைக்கு விற்றுவிடாதீர்கள். வாங்கிய வீட்டில் அடுத்த சித்திரையில் அந்தப் பசுவின் இளங்கொடியை யாரோ ஒரு பிள்ளை வெறுங்கையால் தூக்கிப்போடும். பட்டியில் கன்று ஈனும் பசுவுக்குத் தனி இடம் ஒதுக்குங்கள். இளங்கொடியையும் செத்த கன்றையும் கையுறையோடு எடுத்து, நாய்க்கு எட்டாத ஆழத்தில் சுண்ணாம்பிட்டுப் புதையுங்கள். நாய்களே இதை ஒரு பட்டியிலிருந்து மறு பட்டிக்கு இழுத்துச் செல்கின்றன. மிஞ்சிய மாடுகளை, நோயில்லை என்று அடுத்தடுத்து வரும்வரை இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பச் சோதிக்க வேண்டியிருக்கும். ஆகவே அந்தக் குழுவினரிடம் ஒரு நாள் கட்டணத்தையல்ல, மூன்று வரவுக்கான கட்டணத்தைக் கேளுங்கள்.

திடீரென்று மாடு செத்தால் இவை எதுவும் பொருந்தாது. 2022 டிசம்பரில் மண்டோஸ் புயலை ஒட்டிய குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட கால்நடைகள் இறந்தபோது, தொற்றுநோயோ என்ற அச்சத்தில் இறைச்சி கொண்டுசெல்வதே சில நாள் நிறுத்தப்பட்டது. மாதிரிகளை ஆராய்ந்த பிறகே குளிரதிர்ச்சி என்று தெரிந்தது. அடுத்த முறையும் குளிர்தான் என்று நாமாகவே முடிவு கட்டிவிடக் கூடாது. எருமை கழுத்து வீங்கி ஒரு நாளுக்குள் செத்தால் அது தொண்டை அடைப்பானாக இருக்கலாம். உடல் அழுகத் தொடங்கிவிட்டாலும் சதை நீக்கிய ஒரு நீண்ட கால் எலும்பின் மச்சையில் அந்தக் கிருமியைத் தேட முடியும். ஆனால் மூக்கிலோ குதத்திலோ உறையாத இரத்தம் வடிந்திருந்தால் அந்த உடலை யாரும் வெட்டவும் திறக்கவும் கூடாது, அது அந்திராக்ஸ் எனப்படும் வேறு நோயான அடைப்பானாக இருக்கலாம். வைத்தியரை அழைத்துவிட்டு விலகி நில்லுங்கள்.

பட்டியோரச் சோதனை ஏதோ நேற்று வந்த புதுமை என்று எண்ண வேண்டாம். 1987இல் நம் வடக்கு கிழக்கில் புகுந்து 1994 வரை மாடுகளைக் கொன்ற மாட்டு வெக்கை நோய்க்கென்றே, கண்ணீரைப் பஞ்சில் ஒற்றிப் பட்டியில் நின்றபடியே பார்க்கும் பட்டைச் சோதனை 1990களில் உருவாக்கப்பட்டது. 2011இல் அந்நோய் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டதில், அவ்வாறு பட்டியில் கிடைத்த விடையின் பேரில் அன்றே நடவடிக்கை எடுத்தவர்களுக்கும் பங்குண்டு.

காலம் குறைவு. புரட்டாதி முடியுமுன் இதைத் தொடங்குங்கள். மழை விழுந்து வயல் விதைக்கத் தொடங்கினால் மாடுகளைக் காட்டுப்பக்கம் சாய்த்துவிடுவீர்கள். வெருகல் பக்கம் வெள்ளம் ஏறினால் எந்த வாகனமும் உள்ளே வராது. மாடுகள் காலையைவிட்டு வெளியேறுமுன், விடிகிற வேளையில் இரத்தம் எடுக்க வேண்டும் என்று குழுவினரிடம் சொல்லுங்கள். இரு பக்கமும் கட்டை நட்டு, ஒரு மாடு மட்டும் போகக்கூடிய ஒடுங்கிய வழியொன்றை அதற்கு முதல் வாரமே அமைத்துவிடுங்கள். மாட்டை விழுத்திக் கட்டி இரத்தம் எடுத்தால் சினைப்பசுவுக்கு அதுவே ஆபத்தாகும். அவர்களுள் இலங்கைக் கால்நடை வைத்தியச் சபையில் பதிவு பெற்ற வைத்தியர் யார் என்று கேட்டு, அவர் கையொப்பமிட்ட அறிக்கையே வேண்டும் என்பதைப் பணம் கொடுக்குமுன் சொல்லிவிடுங்கள். வருகிற நாளைத் தங்கள் பிரதேசக் கால்நடை வைத்தியருக்கும் அறிவியுங்கள்.

இன்று மாலை மாடுகள் அடையும்போது அந்த ஒன்பது பசுக்களின் காது இலக்கம் அல்லது குறி, ஒவ்வொன்றும் கன்று வீசிய திகதி, எத்தனையாம் மாதச் சினை, இளங்கொடி தானாக விழுந்ததா, அதற்கு முந்திய ஆண்டு எங்கே மேய்ந்தது, வெளியிலிருந்து வாங்கியதா என்பவற்றை ஒரு கொப்பியில் எழுதுங்கள். திகதி நினைவில்லாதவற்றைத் தம்பியிடம் கேளுங்கள். கன்றை இழுத்தவருக்கு நினைவிருக்கும். அந்தக் கொப்பியை வைத்தியசாலைக்கும் கொண்டுபோங்கள்.